சோடா மூடி நூற்றுப் பதினெட்டு

கேப்டன் கங்காதரனுக்கு நான் பத்தாயிரத்து ஒரு ரூபாய் தரவேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கியதல்ல, பத்திரம் எழுதியதுமல்ல. நானூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் மைக்கைப் பிடித்து நானே என் வாயால் சொன்ன தொகை. அதைக் கொடுத்து முடிக்க எனக்கு ஒரு வருஷமும் ஒரு மாதத்துக்கு மேலும் ஆயிற்று.

கேப்டனைப் பற்றிச் சொல்லுமுன் நான் யார் என்று தெரியவேண்டும். மந்தைவெளியில் இறங்கி செபஸ்தியான் சப்ளையர்ஸ் என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரனும் வழி சொல்லுவான். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. சாந்தோம் கடற்கரையில் பிறந்தேன். பதின்மூன்று வயதில், மீன் ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் பன்னிரண்டு இரும்பு மடக்கு நாற்காலிகளை அடுக்கி, ஆழ்வார்பேட்டை வரை தள்ளிக்கொண்டு போய் விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விட்டவன். இப்போது ஆயிரத்து நூறு நாற்காலி, எட்டு ஷாமியானா, இரண்டு வேன். மயிலாப்பூரில் பத்துக் கல்யாணம் நடந்தால் ஆறு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் என் நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் முதல் போடவில்லை. அறுபத்தைந்து வயதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. கடையில் உட்கார்ந்து, போகிற நாற்காலியையும் வருகிற நாற்காலியையும் எண்ணுவதோடு சரி. அதுவே அலுத்துவிட்டது.

என் கடையில் பொற்கிழிப் பை என்று ஒரு சாமான் உண்டு. சிவப்பு வெல்வெட், வாயில் சரிகைக் கயிறு, அடியில் குஞ்சம். அதை யோசித்துத் தைத்தவன் நான்தான், மற்ற சப்ளையர்கள் என்னைப் பார்த்துச் செய்துகொண்டார்கள். மேடையில் யாருக்காவது பாராட்டு விழா நடக்கும். பொற்கிழி ஐயாயிரம், பத்தாயிரம் என்று அறிவிப்பார்கள். விழா நாளுக்குள் வசூல் முடிந்திருக்காது. அதனால் பைக்குள் பழைய செய்தித்தாளும் சோடா பாட்டில் மூடியும் போட்டுக் கட்டி அனுப்புவேன். மைக்குக்கு முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கினால் கலகலவென்று கேட்கும். விழா நாயகர் அதை வாங்கி போட்டோவுக்கு நிற்பார், பின்னால் நிற்கிற ஆளிடம் கொடுத்துவிடுவார், பை என் வேனுக்கு வந்துவிடும். பணம் பிறகு வீட்டுக்குப் போகும். சில சமயம் போகாது. பைக்கு வாடகை பதினைந்து ரூபாய். மேடை ஏறிப் பழகிய பாட்டு வித்துவானுக்கும் தலைமையாசிரியருக்கும் இந்த வழக்கம் தெரியும்.

கேப்டன் முப்பத்து மூன்று வருஷம் ஊரில் இல்லாதவர். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் அடையாறு ஊரூர் குப்பத்துக்காரர், கட்டுமரத்தில் போனவர் மகன். 1959-இல் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி முடித்து சாப்பர் படைக்குப் போனார். படைக்கு முன்னால் போய்ப் பாலம் கட்டுகிறவர்களும் கண்ணிவெடி எடுக்கிறவர்களும் இவர்கள்தான். கட்டுமரத்துக்குக் கயிறு போட்டுப் பழகிய கைக்கு மிதவைப் பாலம் சுலபமாக வந்ததாம். அறுபத்திரண்டில் பனியில் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. எழுபத்தொன்றில் கிழக்கே ஏதோ ஓர் ஆற்றில், மார்பளவு தண்ணீரில் பதினோரு மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நான் துருவித் துருவிக் கேட்டதால் இவ்வளவு வந்தது. அவராகச் சொன்னால், "கொஞ்ச நேரம் தண்ணியில நின்னோம்ணே" என்பதோடு முடிந்திருக்கும்.

படித்துவிட்டு நேராக அதிகாரியாகப் போகிறவர்கள் வேறு. இவர் சிப்பாயாகச் சேர்ந்து நாயக், ஹவில்தார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். தொண்ணூற்றிரண்டில் ஓய்வு பெற்ற பிறகு அரசாங்கம் கௌரவ கேப்டன் பட்டம் கொடுத்தது. அடியிலிருந்து ஏறியவர், என்னைப் போல. அதனால்தான் எங்கள் வட்டார வியாபாரிகள் சங்கத்தின் தலைவன் என்ற முறையில் இவருக்கு விழா எடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இலங்கைக்குப் போன படையில் இவர் சுபேதார். எண்பத்தெட்டில் அங்கே ஒரு சாலையில் கண்ணிவெடி எடுக்கும்போது தேசிங்கு என்ற பையன் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது, ஊரூர் குப்பத்துப் பையன். அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவர் கங்காதரன். அன்று காலை அந்தச் சாலைக்கு அவனை அனுப்பியவரும் கங்காதரன். சவப்பெட்டியோடு குப்பத்துக்கு வந்து, அவன் தாய் தாயம்மாவின் முன்னால் நின்றவரும் அவர்தான். தாயம்மா ஒற்றை ஆள், சைதாப்பேட்டையில் நடைபாதையில் கூடை வைத்து மீன் விற்கிறவள்.

விழா 1994 ஜனவரி 26, சாயங்காலம். சங்கத்தில் இருபது உறுப்பினர்கள், ஆளுக்கு ஐநூறு என்று பேச்சு. மேலே வைக்கிற ஒரு ரூபாய் என்னுடையது. விழா நாள்வரை வசூலானது ஆயிரத்து எழுநூற்றைம்பது. அது மாலைக்கும் மைக்குக்கும் ரவா கேசரிக்கும் போயிற்று. நாற்காலிக்கு நான் வாடகை வாங்கவில்லை, அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பத்தாயிரத்து ஒரு ரூபாய் என்று நான் அறிவித்தேன், பையைக் குலுக்கினேன், கொடுத்தேன். கேப்டன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போட்டோக்காரர் முடித்தார். பின்னால் நின்ற எங்கள் வேன் டிரைவர் இனாயத் கையை நீட்டினார். கேப்டன் அவரைப் பார்க்காமல் மைக்குக்குப் போனார்.

"எனக்குப் பேச வராது. மூணாவது வரிசையில தேசிங்கோட அம்மா கீறாங்க. இது அவங்களுக்குச் சேரணும்" என்றார். மேடையிலிருந்து இறங்கினார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய்த் தாயம்மா மடியில் பையை வைத்து, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது.

இனாயத் என் காதில், "மொதலாளி, பை போவுது. போய் வாங்கியாரட்டா?" என்றார்.

"சும்மா இரு பாய். நானூறு பேர் பாக்கறான்."

"உள்ள இன்னா கீதுன்னு அந்தம்மா பாக்குமே."

"தெரியும். சும்மா இரு."

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே கேப்டன் வாசலில் நின்றார். கையில் வெல்வெட் பை, நாலாக மடித்தது. செய்தித்தாள் தனியாக, மூடிகள் ஒரு பொட்டலத்தில் தனியாக.

"ராத்திரியே தாயம்மா கொண்டாந்து குட்த்துட்டாங்கண்ணே. உங்க சாமான். சோடா மூடி நூத்துப் பதினெட்டு. எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க."

"மூடிய யாரு கேப்டன் எண்ணுவா?"

"நான் எண்ணிட்டேன். கையெழுத்துப் போடுங்க." அரைத் தாளில் பை ஒன்று, கயிறு ஒன்று, மூடி நூற்றுப் பதினெட்டு என்று எழுதி வைத்திருந்தார். பட்டாளத்தில் எந்தச் சாமானையும் அப்படித்தான் திருப்பிக் கொடுப்பார்களாம். கையெழுத்துப் போட்டேன்.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான் பணத்த எடுத்துக்கினு மூடியப் போட்டுட்டேன்னு குப்பத்துல நாலு பேரு சொல்றாங்களாம்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பணம் எப்போண்ணே வரும்?"

"ஒரு வாரம்."

"சரி" என்று சொல்லிப் போய்விட்டார்.

எங்கள் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன். தெற்கு மாட வீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர். அவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் எதுவும் பேசுவார்.

"அனௌன்ஸ் பண்ணினது நீர். மினிட்ஸ்ல தீர்மானம் எங்கே இருக்கு? அது இல்லாம நான் யார்கிட்ட போய்ப் பணம் கேக்கறது ஓய்?"

"நானூறு பேருக்கு முன்னால சொல்லியிருக்கேன், சாமி."

"அப்போ நீரே போட்டுடும். உம்மகிட்ட இல்லாத பணமா?"

இருந்தது. அதுதான் உண்மை. ஆனால் ஐநூறு தருகிறேன் என்று தலையாட்டிய பத்தொன்பது பேர் வாயை மூடிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் கொடுத்துவிட்டு இளிச்சவாயனாக நிற்பதா என்று நினைத்தேன். கடை கடையாக நாலு தடவை ஏறி இறங்கினேன். முழங்கால் வலித்ததுதான் மிச்சம். கேப்டன் மறுபடி வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் வரவில்லை. பென்ஷன்காரர், அவருக்கு என்ன குறை என்று நானும் விட்டுவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. பிப்ரவரியிலிருந்து மாதம் பிறந்தால் என் வீட்டுக்கு மீன் வந்தது. வஞ்சிரம், இல்லாவிட்டால் வவ்வால். தாயம்மாவே பஸ் ஏறிக் கொண்டுவந்து, "நாற்காலிக்காரருக்குக் குடு" என்று என் மனைவி ஆரோக்கியமேரியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள், காசு வாங்கமாட்டாள். இத்தனை பேர் முன்னிலையில் அவளைக் கௌரவமாக உட்கார வைத்தோமே, அந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கடற்கரையில் செபஸ்தியான் பெயருக்கு இருக்கிற மதிப்பு என்று மனைவியிடம் சொல்லியும் காட்டினேன். வறுத்துத் தின்றேன்.

அடுத்த வருஷம் மார்ச் முதல் வாரம், பேத்தி முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விசேஷத்துக்குச் சங்கிலி வாங்கத் தியாகராய நகருக்குப் போனேன். இடுப்பில் பதினோராயிரம் ரூபாய், எல்லாம் நூறு ரூபாய் நோட்டு. வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு நகைக்கடை வாசலுக்கு வந்தேன். நீலச் சட்டை போட்ட காவல்காரர் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து சல்யூட் அடித்தார். அந்த சல்யூட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

"வாங்கண்ணே" என்றார் கேப்டன் கங்காதரன்.

பின்னால் வந்தவர்கள் என்னை இடித்தார்கள். ஒதுங்கி அவர் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா கேப்டன் இது?"

"வேலைண்ணே. ஒரு வருசமாச்சி."

"பென்ஷன் வருதே?"

"வருது. கோட்டூர்புரத்துல வாடகை, ஊட்ல அவளுக்கு மருந்து. அதுக்குச் சரியாப் போவுது." ஒரு குடும்பம் வந்தது. கதவை இழுத்தார், சல்யூட் அடித்தார், கதவை விட்டார். இடது பூட்ஸுக்கு மேல் கணுக்கால் வீங்கி, கட்டுத் துணி வெளியே தெரிந்தது.

"கால் இன்னா இப்டி கீது? உக்கார ஒரு நாற்காலி இல்லியா?"

"செக்யூரிட்டிக்கு நாற்காலி கெடையாது. போட்டா தூங்கிடுவான்னு சொல்றாங்க. நின்னுக்கினு இருக்கறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்லண்ணே." மறுபடி கதவு, மறுபடி சல்யூட். "டாக்டர் நிக்கக் கூடாதுன்னாரு. இன்னும் ஏழு மாசம்தான். அப்பறம் உட்டுடுவேன்."

"அது இன்னா ஏழு மாசக் கணக்கு?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தாயம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டுல மேடையில ஒரு இடம் புடிச்சிருக்காங்க. அட்வான்ஸ் பத்தாயிரம். அந்தப் பை வந்த அன்னிக்கே, தொறந்து பாக்கறதுக்கு முன்னாடியே போய் வாக்குக் குட்த்துட்டாங்க. மாசம் ஐநூறு கட்டணும், ஒரு மாசம் தவறினாலும் இடம் வேற ஆளுக்குப் போயிடும். பதிமூணு மாசம் கட்டியாச்சி."

"யாரு காசு?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சங்கம் தவணையாத் தருதுன்னு அவங்ககிட்ட சொல்லிக் கீறேன். நீங்க அவங்கள எங்கியாவது பாத்தா மாத்திச் சொல்லிடாதீங்க. நான் எடுத்துக்கினேன்னு பேசினவங்களும் இப்போ சும்மா கீறாங்க."

பதின்மூன்று மாதமாக வந்த மீன் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எங்கிட்ட ஏன் கேக்கல நீ?" என்றேன். கோபத்தில் மரியாதை விட்டுப்போயிற்று. கோபம் அவர்மேல் இல்லை.

"ஒரு வாட்டி கேட்டேனேண்ணே" என்றார்.

கடைக்குள் போகாமல் திரும்பினேன். வேனில் ஏறி உட்கார்ந்ததும் இனாயத், "அதுக்குள்ள வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

"சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு விடு பாய்."

மத்தியானம் இரண்டு மணி, மார்க்கெட் ஓய்ந்துபோயிருந்தது. தாயம்மா கல்மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு ஓட்டலுக்காகச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா நாற்காலிக்காரரே, இம்மாந்தூரம்? போன மாசம் குட்த்த வவ்வாலு நல்லா இர்ந்ததா?" என்றாள்.

என் வாழ்க்கையில் யார் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை. மூன்று சக்கர வண்டி தள்ளிய நாளிலும் இல்லை. அந்த ஈரத்தரையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சங்கம் ஒரு பைசா தரவில்லை, மூடி போட்டுக் கட்டியவன் நான், மாதம் ஐநூறு கேப்டன் நகைக்கடை வாசலில் நின்று சம்பாதித்த பணம் என்று சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. நான் முடிக்கும்வரை இரண்டு மீனுக்குச் செதில் எடுத்துவிட்டாள்.

"அந்தக் கால வெச்சிக்கினா நிக்கறாரு?"

"ஆமா."

"எனக்கு உம்மேல வருத்தம் இல்ல, நீ எம்புள்ளய கொல்லல, வெடிதான் கொன்னுச்சின்னு ஏழு வருசமாச் சொல்லிக்கினு கீறேன். அந்த மன்சன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறான்." கத்தியைக் கழுவினாள். "நீ துன்னியே மீனு, அதுக்கு வேற கணக்குக் கீது."

"அதையும் போட்டுக்கோ தாயம்மா."

"சீ. துன்ன மீனுக்கா காசு வாங்குவேன்? பொற்கிழிய எட்த்து வெய்யி."

சட்டைப் பையில் கிடந்த ஒற்றை ரூபாயையும் சேர்த்துப் பத்தாயிரத்து ஒன்றை எடுத்து வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். மூவாயிரத்து ஐநூற்று ஒன்றைப் பிரித்துச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினாள். அவள் கட்ட வேண்டிய ஏழு மாதம் அது. மிச்சம் ஆறாயிரத்து ஐநூறைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து மேடைக்காரியிடம், "குப்பம்மா, கொஞ்சம் பாத்துக்க. ஓட்டல்காரன் வந்தா எட்த்துக் குடு" என்றாள். என்னைப் பார்த்து, "வண்டி கீதா?" என்றாள்.

தியாகராய நகருக்குத் திரும்பும் வழி முழுக்க இனாயத் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

நான்கு மணிக்குக் காவல்காரர்களுக்குக் கால் மணி நேரம் டீக்கு விடுகிறார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தாயம்மாவைப் பார்த்ததும் நின்றார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்ல வேணாம்னேனேண்ணே."

"சொல்லிட்டேன்" என்றேன்.

இனாயத் யாரும் சொல்லாமலே வேனிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி நடைபாதையில் விரித்துப் போட்டார். கேப்டன் உட்காரவில்லை.

"உக்காரு நைனா. நீ நின்னா எனக்குக் கை எட்டாது" என்றாள் தாயம்மா.

உட்கார்ந்தார். உட்காரும்போது நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாக நீட்டி, மூச்சை விட்டார். பதின்மூன்று மாதத்து நிற்பும் அந்த மூச்சில் இறங்கினாற்போல் இருந்தது.

"கைய நீட்டு."

"அது நான் உங்களுக்குக் குட்த்தது, தாயம்மா."

"எனக்குக் குட்க்கவேண்டியவன் இதோ நிக்கறான், குட்த்துட்டான். நீ குட்த்தது கைமாத்து. செத்த புள்ள பேரச் சொல்லி உன் கால ஒடிச்சி நான் மேட வெச்சிக்கணுமா? மாசக் கடசியில வேலைய உட்டுடு."

"வேலைய..."

"நீட்டு நைனா. ஜனங்க பாக்குது."

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் ஆயிரத்து நூறு நாற்காலிக்குச் சொந்தக்காரன், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒருவனாக வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தொப்பியை மடியில் வைத்தார். வலது கையைத் திறந்து நீட்டினார். கயிறு இழுத்துக் காய்த்த கை, விரல் முழுக்க நிமிரவில்லை.

தாயம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, மீன் விற்கிறவர்கள் எண்ணுகிற மாதிரி ஒன்று என்று சொல்லாமல், "லாபம்" என்று முதல் நோட்டை வைத்தாள். "ரெண்டு. மூணு." பஸ் ஹாரனுக்கு நடுவே சத்தமாக, ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபத்தைந்தாவது நோட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் தட்டிவிட்டு, அந்த நோட்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.